வென்சேயின் நான்கு நகங்கள்

எல் சொகோரோ சர்க்கரை ஆலையின் பேஸ்பால் மைதானத்தில் அந்தக் காலத்தில் நான்கே விளக்குக் கம்பங்கள். அதிலும் ஒன்று எப்போதும் அணைந்தே இருக்கும். அந்த அரை வெளிச்சத்தில், பந்தைப் பிடிக்கும் கேட்சரான என் புருஷன் வென்சே, மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே வலக்கையைத் தொங்கவிட்டு, அடுத்த பந்து எப்படி வர வேண்டும் என்று விரலால் சொல்வான். ஒரு விரல் என்றால் நேர்ப்பந்து, இரண்டு என்றால் வளைபந்து. எதிரே மண்மேட்டின் மேல் நின்று பந்தை எறிந்தவன் என் அண்ணன் டெலோ.

இருட்டில் விரலே தெரியவில்லை என்று டெலோ ஒருநாள் மைதானத்தின் நடுவே நின்று கத்தினான். அதனால் மறுநாள் ஆட்டத்துக்கு முன் என் நகப்பூச்சு பாட்டிலைத் திறந்து வென்சேயின் வலக்கை நகங்களில் நானே பூசிவிட்டேன். நல்ல ரத்தச் சிவப்பு. நான்கு விரலுக்குத்தான் பூசினேன். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கும், அதற்குப் பூசுவது வீண்.

எதிரணிக்காரர்கள் சும்மா விடுவார்களா? "ஏ பொண்ணு, கல்யாணம் எப்போ?" என்பார்கள். வென்சே முகமூடிக்குள்ளிருந்தே பதில் சொல்வான்: "மூணு தடவை காத்தை அடிச்சிட்டுப் போய் உக்காரு, மாப்பிள்ளை. அப்புறம் பேசலாம்." மூன்று முறை பந்தைத் தவறவிட்டால் மட்டைக்காரன் வெளியேற வேண்டும்; பெரும்பாலும் அப்படியே நடக்கும்.

பதினான்கு வருடம் அந்த இரண்டு பேரும் அப்படி ஆடினார்கள். விரல் காட்டிய பந்தை எறிய மனமில்லாவிட்டால் எறிபவன் வேண்டாம் என்று தலையை இப்படியும் அப்படியும் அசைப்பான். கேட்சர் வேறு விரல் காட்டுவான். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். டெலோ மட்டும் ஒருமுறைகூட அப்படித் தலையை அசைத்ததில்லை. வென்சே காட்டியதை எறிந்தான், ஜெயித்தான். "டெலோவுக்குக் கை மட்டும்தான் சொந்தம், தலை வென்சே கழுத்துல இருக்கு" என்று ஊரே சொல்லிச் சிரிக்கும். டெலோவும் சேர்ந்து சிரிப்பான். நான் அதைச் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

இந்த வருடம் ஆலைக்கு நூறு வயது. ஊர்த் திருவிழாவுக்குள் எல் சொகோரோவின் எக்காலத்துக்கும் சிறந்த அணியைத் தேர்ந்தெடுத்து, ஒன்பது பேரையும் மைதானத்தின் பின்சுவரில் ஆள் உயரத்துக்கு வரைவது என்று முடிவாயிற்று. தேர்ந்தெடுக்கும் இடம் பிரிமோவின் முடிதிருத்தும் கடை. பிரிமோவையும் சேர்த்து ஆறு பேர் கமிட்டி. தெருவில் நிற்பவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கருத்துச் சொல்லலாம், ஓட்டுக்குக் கையை மட்டும் தூக்கக் கூடாது.

வென்சே வாழ்நாளில் எதையும் கேட்டு வாங்கியவன் இல்லை. முட்டி இரண்டும் போய், வலக்கை விரல்கள் ஆளுக்கொரு திசையில் கோணிக்கொண்ட பிறகு, கரும்பு எடைபோடும் வேலைக்குப் போனான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இந்தச் சுவர் விஷயம் காதில் விழுந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கரண்டியை வைத்துவிட்டு, "கிளே, செவுத்துல எனக்கு ஒரு மூலை கெடச்சாப் போதும்" என்றான். முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்கு இது வேண்டும் என்று அவன் வாய்விட்டுச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெலோ வழக்கம்போல் சாப்பிட வந்தான். சட்டியின் அடியில் முறுகிப் பிடித்திருக்கும் சோறு எங்கள் வீட்டில் எப்போதும் அவனுக்குத்தான். அதைக் கடித்துக்கொண்டே சொன்னான்:

"எதுக்கு மச்சான் இவ்வளவு யோசனை? உன்னை விட்டா வேற எவன் இருக்கான்?"

"ரூடின்னு சொல்றாங்களாம்" என்றான் வென்சே.

"ரூடியா? என் வளைபந்தை அவன் நெஞ்சாலதான் புடிப்பான். பிரிமோ என்கிட்ட கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ கவலைப்படாம முடிய வெட்டிக்க."

வென்சே மறுநாளே போய் முடி வெட்டிக்கொண்டு வந்தான்.

ரூடி எங்கள் அணியில் இரண்டு பருவம் கேட்சராக இருந்தவன். அப்புறம் வடக்கே அமெரிக்கா போனான். பெரிய அணி எதிலும் ஏறவில்லை. திரும்பி வந்து, பையன்களுக்குப் பயிற்சி தருகிறேன் என்று ஒரு முகாம் போட்டிருக்கிறான். கழுத்தில் கனமான சங்கிலி, எப்போதும் கழுவிய வண்டி.

தேர்வு நடந்த சனிக்கிழமை காலை வென்சே என்னிடம் வந்து வலக்கையை நீட்டினான். "அந்தச் சிவப்பு இருக்கா?"

"இந்த வயசுலயா? ஊரே சிரிக்கும்."

"அப்பவும் சிரிச்சாங்க. ஜெயிச்சோம்ல?"

கோணிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பூசிவிட்டேன். நான்கு.

கடைக்குள் அன்று பெரும் சண்டை. முதல் ஏழு பேர் எப்படியோ முடிவானார்கள். எறிபவன் இடத்துக்கு டெலோவின் பெயரைச் சொன்னதும் ஆறு கையும் உயர்ந்தன, தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கேட்சரில்தான் சிக்கியது. நானும் வென்சேயும் வாசலுக்கு வெளியே வாதாம் மர நிழலில், லாட்டரிச் சீட்டு விற்பவரின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

"வென்சே மட்டையைப் புடிச்சா கொசு வெரட்டுற மாதிரி இருக்கும்" என்றார் நெமெசியோ. ஆலை ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"கேட்சரைக் கொசு வெரட்டவா வச்சிருந்தோம்?" என்றார் பிரிமோ.

"ரூடி அடிச்ச பந்து புகைபோக்கியத் தாண்டிக் கரும்புக்குள்ள விழுந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"ஒரே ஒரு தடவை அடிச்சான். அதையே நீங்க முப்பது வருஷமா அடிச்சிக்கிட்டு இருக்கீங்க, நெமெசியோ."

வென்சே சத்தம் இல்லாமல் சிரித்தான். கை தூக்கச் சொன்னார்கள். மூன்று, மூன்று. மறுபடி தூக்கினார்கள், மறுபடி மூன்று, மூன்று. பிரிமோ கத்திரிக்கோலால் மேசையைத் தட்டினார்.

"இதுக்கு ஒரே வழிதான். எறியிறவன் டெலோன்னு முடிவாயிடுச்சு. தன் பந்தைப் புடிக்க யார் வேணும்னு அவனே சொல்லட்டும். டெலோ, வாய்யா உள்ள."

கேட்டால் சொல்லிக்கொள்கிறேன் என்றவனைக் கேட்டேவிட்டார்கள்.

டெலோ கண்ணாடிக்கு முன்னால் போய், வாசலைப் பார்த்து நின்றான். அவனுக்கு நேர் எதிரே வென்சே. நடுவில் ஒரு பத்தடி தரை, வெட்டிய முடி சிதறிக் கிடந்தது. வென்சே பெஞ்சிலிருந்து சற்று முன்னால் குனிந்து, முட்டிகளை விரித்து, வலக்கையைத் தொங்கவிட்டு ஒரு விரலை நீட்டினான். சிவப்பு நகம் பளிச்சென்று இருந்தது. நேர்ப்பந்து. யோசிக்காதே, எறி.

டெலோ அந்த விரலைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தான்.

கடையில் இருந்தவர்கள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் பாதி சிரித்தேன். வென்சே இரண்டு விரல் காட்டினான். டெலோ மறுபடியும் தலையை அசைத்தான். சிரிப்பு நின்றது.

எறிபவன் இரண்டு முறை வேண்டாம் என்று தலையசைத்தால் கேட்சர் எழுந்து மேட்டுக்கு நடந்து போவான். இருவரும் வாயைக் கையுறையால் மறைத்துக்கொண்டு பேசுவார்கள். வென்சே பெஞ்சைப் பிடித்து எழுந்தான். அவன் முட்டிக்கு எழுவதற்கு நேரம் ஆகும். அவன் பாதி எழுந்திருந்தபோதே டெலோ சொல்லிவிட்டான்:

"ரூடி."

வென்சே அப்படியே கொஞ்ச நேரம் நின்றான், எழவும் இல்லை, உட்காரவும் இல்லை. பிறகு வலக்கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

மறுநாள் ஞாயிறு. டெலோ வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். சமையற்கட்டு வாசலில், எப்போதும் கொண்டுவரும் ஐஸ்கட்டிப் பையோடு நின்று, "என்ன சமையல்?" என்றான்.

"உள்ள வா" என்றான் வென்சே.

"வரட்டும்" என்றேன் நான். "வந்து காரணத்தைச் சொல்லட்டும். முகாம்காரன் என்ன குடுத்தான்?"

"சத்தியமா ஒண்ணும் குடுக்கல தங்கச்சி. ரூடியோட நான் பேசவே இல்ல."

"பின்ன?"

டெலோ பையைக் கீழே வைத்தான். ஐஸ் உருகித் தரையில் ஓடியது. அவன் என்னைப் பார்க்காமல் வென்சேயைப் பார்த்தே பேசினான்.

"டெலோவுக்குக் கை மட்டும்தான் சொந்தம். எத்தனை வருஷம் கேட்டுருப்பேன்? கள்ளுக்கடையில, பஸ்ஸுல, என் அப்பன் சாவு வீட்டுலகூட ஒருத்தன் சொன்னான். செவுத்துல நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல நின்னா, நான் செத்த பிறகும் சொல்லுவாங்க. 'இதோ கை, அதோ தலை.' ரூடி பக்கத்துல நின்னா ஒருத்தனும் சொல்ல மாட்டான். அவனுக்குத் தலை கெடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அதுக்காக என் புருஷன் பேரை அழிப்பியா? போன வாரம் இதே நாற்காலியில உக்காந்து என்ன சொன்ன?"

"போன வாரம் மனசாரத்தான் சொன்னேன், கிளே. கண்ணாடி முன்னால நிக்கிற வரைக்கும் அதைத்தான் சொல்றதா இருந்தேன். அந்த விரலப் பாத்ததும்..."

வென்சே மெதுவாகக் கேட்டான். "பிடிக்கலன்னா அப்பவே தலைய அசைச்சிருக்கலாமே, மச்சான்? ஒருதரம் அசைச்சிருந்தா வேற விரல் காட்டியிருப்பேன். அதுக்குத்தானே மத்த விரலெல்லாம் இருக்கு?"

முறுகல் சோற்றைச் சுரண்டி நான் வென்சேயின் தட்டில் வைத்தேன். டெலோ அதைப் பார்த்தான். ஐஸ்கட்டிப் பையை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஆற்றிக்கொண்டிருப்பேன்.

சுவரில் வரையத் தலைநகரிலிருந்து ஒரு ஓவியரை வரவழைத்தார்கள். நல்ல மனிதர். எங்கள் அணி ஆடி அவர் பார்த்ததில்லை. கமிட்டி கொடுத்த ஒன்பது பெயர்களையும் சில பழைய படங்களையும் வைத்துக்கொண்டு, போவோர் வருவோரிடம் எல்லாம் விசாரித்து வரைந்தார். டெலோ எறியும்போது எந்தக் காலைத் தூக்குவான்? கேட்சரை எப்படிப் போட்டால் ஊருக்கு அடையாளம் தெரியும்? கேட்சரா, சிவப்பு நகம், அதுதான் அடையாளம் என்று ஒருவர் பாக்கி இல்லாமல் சொல்லியிருக்கிறார்கள். யாருடைய நகம் என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

திருவிழா அன்று துணியை விலக்கினார்கள். ரூடியின் முகம், ரூடியின் சங்கிலி, குத்துக்காலிட்டு உட்கார்ந்த உடம்பு, தொடைகளுக்கு நடுவே விரித்துத் தொங்கும் வலக்கை. ஐந்து விரலிலும் ரத்தச் சிவப்பு.

கூட்டம் ஆர்ப்பரித்தது. ரூடி கையைப் பார்த்து ஒரு கணம் விழித்தான். பிறகு, "பலே, பிரமாதமா இருக்கே!" என்று சிரித்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான். பிரிமோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெலோ மேடையில், மாலையோடு. நான் அவனையே பார்த்தேன். அந்த நகங்களைப் பார்த்துப் பார்த்து எறிந்தவன் அவன். மைக் அவனுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. பக்கத்தில் ஒருத்தி தன் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ரூடி மாமாதான் அந்தக் காலத்துல நகத்துல சாயம் பூசிக்கிட்டு ஆடுவார்."

"போலாம் கிளே" என்றான் வென்சே. "முட்டி வலிக்குது."

மறுநாள் காலை, வெயில் ஏறிய பிறகு, ஊர் பார்க்கும் நேரத்தில்தான் போனேன். சட்டியின் அடியைச் சுரண்டும் இரும்புக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். கை வரைந்திருந்த இடம் என் இடுப்பளவு உயரம். மண்டியிட்டுச் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தேன். சாயம் சுலபமாக வரவில்லை. அழுத்தினால் காரையோடு பெயர்ந்தது.

டெலோ வந்தான். தன் படத்தைப் பார்க்க வந்திருப்பான்.

"கிளே! என்ன பண்ற? பெயின்ட் போயிடும்!"

"போகத்தான் சுரண்டுறேன்."

"ஊர்ல யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"பாக்கட்டும். இது யாரு நகம்? நீ சொல்லு. பிரிமோ கடையில போய்ச் சத்தமா சொல்லிட்டு வா. இப்பவே நிறுத்திடுறேன்."

நான் வலக்கையைக் கீழே தொங்கவிட்டு அவனுக்கு ஒரு விரலைக் காட்டினேன். நேர்ப்பந்து, அண்ணே. அது போதும்.

அவன் என் விரலைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு சுவரின் மறுகோடியில் காலைத் தூக்கி நிற்கும் தன் படத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் மோதிரவிரலுக்குப் போனேன். பிறகு நடுவிரல். ஆள்காட்டி விரலில் சாயம் கெட்டியாக இருந்தது, அதற்கு நேரம் பிடித்தது. தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள், யாரும் தடுக்கவில்லை. நான்கும் வெள்ளைக் காரையாக ஆன பிறகு கரண்டியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அது ஒண்ண விட்டுட்டியே" என்றான் டெலோ, கட்டைவிரலைக் காட்டி.

"அது நான் பூசினது இல்ல" என்றேன். "அது ரூடிக்கே இருக்கட்டும்."