கால் கழுவாத கிடாய்

டகவிரா செத்து ஓராண்டாகியும் வீடு வந்து சேரவில்லை. அவன் மனைவி, மகள் பெயரால் ஊருக்கெல்லாம் சிட்சியின் அம்மா, அந்த ஓராண்டும் கதவுக்குத் தாழ் போடாமலே தூங்கினாள். செத்தவனை வீட்டுக்குள் அழைக்க எங்கள் சிமானிமானி மலையில் ஒரே வழிதான். ஒரு கறுப்புக் கிடாய்க்கு அவன் பெயரை வைத்து, அதன் முதுகில் கேழ்வரகு மதுவை ஊற்ற வேண்டும். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் வந்துவிட்டான். இல்லையென்றால் மூடுபனியில் அலைய வேண்டியதுதான்.

ஊற்றியவன் நான். டகவிராவுக்கு நான் சஹ்விரா. அவன் சாவில் எல்லோரும் அழும்போது, அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவனைப் போலவே நடந்து கேலி செய்ய உரிமையுள்ள நண்பன். சிட்சியின் அம்மாவுக்கு அந்த உரிமை கிடையாது. “மரியாதையாக் கூப்பிடணும், திட்டக் கூடாது” என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

கிடாய் சும்மா நின்றது. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஊற்றினேன்; அப்படியே நின்றது. பனி இறங்கிக் கால்களை மறைக்க, வெள்ளை ஆற்றில் மிதப்பதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் கொம்புகளுக்கு நடுவே ஒரு குருவி இரண்டு முட்டையிட்டது. ஒன்று கூமுட்டை. நான் பொய் சொல்வதில்லை.

வேலிக்கு வெளியே டகவிராவின் தம்பி எசேக்கியா வெள்ளை அங்கியும் மொட்டைத் தலையுமாகக் கோலூன்றி நின்றான். அவன் சபையில் மதுவாடையே ஆகாது.

“அண்ணி, இது ஆன்மிகமே இல்ல. செருப்பைக் கழட்டிட்டுக் கிழக்கே பாத்து ஜெபம் பண்ணுங்க. ஆவி வானத்துலேருந்துதான் இறங்கும்.”

“வானத்துலயா? ஏணியில ஏறினாலே தலை சுத்துமேடா உங்கண்ணனுக்கு!” என்றேன்.

வாத்தியார் ஃபராய் பாறைமேல் கண்மூடி உட்கார்ந்திருந்தார். “ஆன்மிகம்னா மனசு அடங்குறது, பெரியவரே. அந்தக் கிடாயைப் பாருங்க. இந்த மலையிலேயே ஆன்மிகமான ஆள் அதுதான்.”

“அடங்கினதை வெச்சு நான் என்ன சார் பண்றது? அது சிலுப்பணுமே!”

தொப்பியைப் போட்டு டகவிராவைப் போல இருமிக் காட்டினேன். கிடாய் அசைபோட்டது.

சிட்சியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பனிக்குள் கைவிட்டுக் கிடாயின் காலைத் தடவினாள். கையெல்லாம் சேறு.

“வயல்லேருந்து நேரா வந்தியா? நாப்பது வருஷமா இதே பொழப்பு! கால் கழுவ மாட்டே, திட்டுறவரைக்கும் வாசல்லயே நிப்பே. எங்கேய்யா போனே இத்தனை நாளா? கழுவிட்டு உள்ள வா!”

சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றினாள். கிடாய் கொம்பிலிருந்து வால்வரை சிலுப்பியது. முட்டைகளைத் தொப்பியில் பிடித்தேன். வேலி தாண்டித் தெறித்த மது எசேக்கியாவின் அங்கியில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அவன் துடைக்கவில்லை. “அண்ணே” என்றான், மெதுவாக.

கிடாய் வீட்டுக்குள் போனது. அவளும் பின்னாலேயே போனாள். பட்டப்பகலில் தாழ் விழும் சத்தம் கேட்டது.

நாங்கள் மூவரும் பனியில் நின்றோம். குருவி வந்து தொப்பியில் உட்கார்ந்தது.