நீள அலமாரியின் இடது ஓரம்

விடுமுறை முடிந்து பள்ளிப் பேருந்து கிளம்ப இன்னும் பதினாறு மணி நாற்பது நிமிடம் இருந்தது. அப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு அவள் கணவர் முதல் நிறுத்தத்தில் கதவைத் திறப்பார். கடைசி நிறுத்தத்தில் கதவை மூடும்போது உள்ளே நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருப்பார்கள்.

அதற்குள் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அவருக்கு இடது பக்கம் கண் தெரிகிறதா, இல்லையா?

சந்தேகம் இந்த நான்கு வார விடுமுறையில்தான் வந்தது. வேலை நாளில் காலையும் இரவும் மட்டும் கண்ணில் படுகிற மனிதரை நாள் முழுக்கப் பார்க்க நேர்ந்ததால் வந்தது. இடது கைப்பக்கம் வைத்த தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது. வாசலைத் தாண்டும்போது இடது தோள் நிலையில் இடித்தது. ஒரே வாரத்தில் நான்கு தடவை. செய்தித்தாளை உரக்கப் படித்தபோது தலைப்பின் முதல் சொல்லை விட்டுவிட்டுப் படித்தார். இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். முதல் தடவை, வயசாகவில்லையா என்று சிரித்தார். இரண்டாம் தடவை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இருபத்திரண்டு வருடம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். அவருக்கு இருந்த ஒரே பெருமை அது.

பள்ளியில் சொல்லிவிடலாம். அவளும் அதே பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தாள். போக்குவரத்து மேற்பார்வையாளரின் எண் கைபேசியில் இருந்தது. ஆனால் சந்தேகம் பொய்யானால்? கட்டியவளே பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டாள் என்றாகிவிடும். மெய்யாக இருந்து சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அவள் மனதுக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்க்கவில்லை.

ஆகவே ஒரு சோதனை வைக்க முடிவு செய்தாள்.

சாப்பாட்டு அறையில் சுவரோடு ஒட்டி ஒரு அலமாரி நின்றது. இடுப்பளவு உயரம், ஆளைக் கிடத்தலாம் போல நீளம். உள்ளே தட்டுகளும் கிண்ணங்களும். மேலே வலது ஓரத்தில் விளக்கு, நடுவில் பழக்கூடை, இடது ஓரத்தில் கடிகாரம். பதினொரு வருடமாக இதே வரிசைதான். அதற்கு நேர் எதிரே அவர் நாற்காலி. ஆய்வகத்தில் அவள் கற்றுக்கொண்டதில் மறக்காதது ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். விளக்கைத் தொடவில்லை. பழக்கூடையைத் தொடவில்லை. கடிகாரத்தை மட்டும் எடுத்துப் படுக்கையறையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் குளியலறையின் சிவப்பு பிளாஸ்டிக் மக்கைக் கொண்டுவந்து வைத்தாள்.

பார்வை உள்ள எவனும் இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்பான். அவர் பணிமனையில் பேருந்தைக் கழுவிவிட்டு நான்கு மணிக்கு நடந்து வருவார். வந்து உட்கார்ந்து, கேட்டுவிட்டால் நிம்மதி. அவ்வளவு எளிமையான சோதனை.

இரண்டரைக்கு அழைப்பு மணி அடித்தது. நாத்தனார்.

தவறு இவளுடையதுதான். காலையில் தொலைபேசியில் என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, நீள அலமாரியில் கொஞ்சம் மாற்றி வைக்கப் போகிறேன் என்று வாய் தவறி உளறியிருந்தாள். நாத்தனார் தையற்காரி. திரைச்சீலை, மெத்தை உறை, மேஜை விரிப்பு என்று பல வீடுகளின் உள் அலங்காரம் அவள் கைவண்ணம். தம்பி வீட்டு அலமாரி மட்டும் மருந்துக் கடை மேடை மாதிரி இருக்கிறது என்பது அவளுடைய பல வருடக் குறை. அழுதுகொண்டிருந்த பிள்ளைக்கு யாரோ மிட்டாய் நீட்டியது போல ஆகிவிட்டது. இரண்டு பெரிய பைகளோடு உள்ளே வந்தவள், மக்கைப் பார்த்ததும் நின்றாள்.

"இதென்னம்மா, அலமாரி குளிக்கப் போகுதா?"

துடைப்பதற்காக எடுத்து வந்தேன் என்று இவள் சமாளித்தாள். உண்மையைச் சொல்ல வழியில்லை. நாத்தனார் காதில் போட்டது தம்பி காதுக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம் பிடிக்காது.

நாத்தனார் மக்கை ஒரு விரலால் தூக்கிக் குளியலறையில் போட்டுவிட்டு வந்தாள். பழக்கூடை கீழே போனது. விளக்கு வலது பக்கத்திலேயே கொஞ்சம் தள்ளிப் போனது. பையிலிருந்து காவி நிறத்தில் நீள விரிப்பு வந்தது. அதை அலமாரியின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் ஒரு சாண் தொங்கவிட்டு, குனிந்து அளந்தாள். வட்டக் கண்ணாடி ஒன்றைச் சுவரில் சாய்த்தாள். நடுவில் வைக்காமல் கொஞ்சம் வலப்புறமாகத் தள்ளினாள். மூன்று தடிப் புத்தகங்களை அடுக்கி மேலே ஒரு பித்தளைக் கிண்ணம். எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தாள். ஒற்றைப்படையில் வைக்க வேண்டுமாம்; இரட்டையாக வைத்தால் கடை போல ஆகிவிடுமாம். உயரமானது ஓரத்தில், குட்டையானது நடுவில் இருந்தால்தான் பார்வை மலை இறங்கி ஏறுவது போலப் போகுமாம்.

இவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபடி நின்றாள். சோதனைக் குழாயில் யாரோ தேநீரை ஊற்றிக் கலக்குவதைப் பார்ப்பது போலிருந்தது. மூன்று மணி. மூன்று பத்து.

"அண்ணி, இந்த இடது ஓரத்தை மட்டும் விட்டுடுங்களேன்."

"ஏன், அங்க பேய் உக்காந்திருக்கா?"

இடது ஓரத்துக்குத்தான் அவள் பையின் அடியில் பத்திரமாகச் சுற்றி எடுத்து வந்திருந்தாள். முழங்கை உயரத்தில் ஒரு நீலக் கண்ணாடிச் சாடி. அதில் காய்ந்த நாணல் தட்டைகள் ஏழு. எண்ணி வைத்தாள். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். திரும்ப வந்து ஒரு தட்டையை நறுக்கிக் குட்டையாக்கினாள். பிறகு பூரிப்பு தாங்காமல் தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

இவள் தடுக்க வாய் திறப்பதற்குள் விவரம் முழுதும் போய்விட்டது. விரிப்பு என்ன நிறம், கண்ணாடி எந்தப் பக்கம், விளக்கு எங்கே, இடது ஓரத்தில் நீலச் சாடி, அதில் என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது. சரிக்கா, இதோ கிளம்பிட்டேன் என்ற குரல் இவளுக்கும் கேட்டது.

தேர்வுக்கு முன்பே விடைத்தாள் கைக்குப் போய்விட்டது. இனி அவர் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொல்வார். நாளைக்குக் காலையில் எழுந்து, சீருடையை மாட்டிக்கொண்டு போவார்.

மூன்று ஐம்பதுக்கு நாத்தனார் தம்பிக்குத் தேநீர் போடுவதற்காகச் சமையலறைக்குப் போனாள். பால் பாத்திரம் அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது. இவள் அலமாரியின் முன்னால் நின்றாள். அது உண்மையிலேயே அழகாக இருந்தது. அந்த நேரத்திலும் அது மனதில் பட்டது.

வெளிக்கதவு கிரீச்சிட்டது.

விடை தெரிந்தவரிடம் கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். சாடியை இரண்டு கையாலும் தூக்கினாள். நாணல் கன்னத்தில் கீறியது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, குளியலறைக்கு ஓடி மக்கை எடுத்து வந்து, காவி விரிப்பின் இடது ஓரத்தில் வைத்தாள். அடியில் இருந்த ஈரம் விரிப்பில் ஊறிப் பரவியது. அவர் செருப்பைக் கழற்றும்போது இவள் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

அவர் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கால்சட்டையின் மடிப்பு நனைந்திருந்தது. நேராகப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

கேளுங்கள், என்று இவள் மனதுக்குள் கெஞ்சினாள். இந்தக் கண்றாவி ஏன் இங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

"எப்படிடா இருக்கு?" சமையலறையிலிருந்து அக்காவின் குரல்.

விளக்கைத் தள்ளி வைத்தது நன்றாக இருக்கிறது, கண்ணாடி அறையைப் பெரிதாகக் காட்டுகிறது என்றெல்லாம் அவர் சொன்னார். எல்லாமே உண்மை. எல்லாமே வலப்பக்கம்.

"சாடிய விட்டுட்டியே?"

"அதுதானே அழகே, அக்கா. அந்த மூலைக்கே ஒரு களை வந்துருச்சு."

இவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

நாத்தனார் தேநீரோடு வந்தாள். அலமாரியைப் பார்த்தாள். தேநீர் தளும்பி விரலில் கொட்டுகிற அளவுக்குச் சிரித்தாள். புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து என்னைக் கேலி பண்ணுகிறீர்களா, கழுவுற மக்குதான் உனக்குக் களையா என்று கேட்டு மறுபடியும் சிரித்தாள்.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். குறுகலான சந்தில் வண்டியைப் பின்னால் எடுக்கிறவர் போல, இடது தோளுக்கு மேல் முகவாய் வருகிற வரை திருப்பினார். மக்கைக் கண்டார். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரும் சிரித்தார். அக்காவைச் சீண்டத்தான் சொன்னேன் என்றார். அக்கா நம்பினாள். சாடி எங்கே என்று தேடிக்கொண்டு படுக்கையறைப் பக்கம் போனாள்.

இருவரும் தனியாக இருந்தார்கள். அவர் இவளைப் பார்த்தார். இவளும் பார்வையை எடுக்கவில்லை. பிறகு கைபேசியை எடுத்து மேற்பார்வையாளரின் எண்ணை அழுத்தினாள். மணி போகும் சத்தம் அவருக்கும் கேட்டது.

"நீங்களே சொன்னா நல்லது," என்றாள். "இல்லேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

அவர் கையை நீட்டவில்லை. மறுமுனையில் ஹலோ என்றது குரல். இவள் அவருடைய வலது பக்கம் போய் நின்று, கைபேசியை அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். மூன்றாவது ஹலோவில் வாங்கிக்கொண்டார்.

"சார், நான்தான். நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆளைப் போடுங்க."

மேற்பார்வையாளர் பதறிவிட்டார். பள்ளி திறக்கிற முதல் நாளா, இந்த நேரத்தில் ஆளுக்கு எங்கே போவேன் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, காய்ச்சலா என்று கேட்டார். காய்ச்சல் என்றால் ஒரு நாள் சமாளித்துக்கொள்ளலாம், மறுநாள் வந்துவிடலாம் என்றார்.

சாடியும் கையுமாக நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். ஆமாம் என்று ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் இன்னும் ஒரு நாள் கிடைக்கும்.

அவர் அலமாரியைப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல சார்," என்றார். "எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியல. மூணு மாசமா."