ராஜாவைத் தூக்கிய பூட்டுக்காரர்

என் அப்பா என்னை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். அதுவும் ஒன்றேகால் விநாடி. இருபது பிரேம், நானே எண்ணினேன்.

பழைய படங்களைச் சீராக்கும் கூடத்தில் எனக்கு இருபது வருட வேலை. கிழிந்த பிலிமை ஒட்டுவேன், பிய்ந்த ஓரத்துளைகளுக்கு ஒட்டுப் போடுவேன். வாய் கொஞ்சம் நீளம். வேலை சுத்தமாக இருப்பதால் பொறுத்துக்கொள்கிறார்கள். என் மேசைக்குத்தான் ஒரு நாள் ஓர் ஊமைப்படம் வந்து சேர்ந்தது.

சிரிப்புப் படம். தொப்பிக் கடைச் சிப்பந்தி ஒருவன் வேலை நேரத்தில் தூங்கிப்போய், ராஜாவானதாகக் கனவு காண்கிறான். அட்டை அரண்மனை, பஞ்சு மேகம், காகிதக் கிரீடம். காவலர்கள் துரத்த, ஓர் அலமாரிக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தால், நிஜத் தெரு! வண்டிக்குள் காமிராவை ஒளித்துவைத்து எடுத்திருக்கிறார்கள். கிரீடத்தோடு ஓடுகிறவன் வழுக்கிக் குப்புற விழுகிறான். அது நடிப்பு என்று தெரியாத ஒரு மனிதர், தோளில் சாவி வளையம் ஆட, பாய்ந்து வருகிறார். யாராவது வாங்களேன் என்பதுபோல நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். பிறகு குனிந்து அவனைத் தூக்குகிறார். அத்தனை பொய்க்கும் நடுவில் அந்த ஒருவர்தான் நிஜம். பூட்டு ரிப்பேர்காரர். என் அப்பா.

படம் வெளியாவதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அப்போது அம்மா வயிற்றில். ஒரு வாரம் தினமும் போய்ப் பார்த்தாளாம். கொட்டகையே வயிறு வலிக்கச் சிரிக்க, இவள் ஒருத்தி அழுதிருக்கிறாள். வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

வேண்டுமென்றே செய்ததுபோல, பிலிம் சரியாக அந்த இடத்தில் அறுந்திருந்தது. இந்தப் பக்கம், ராஜா விழ அப்பா பாய்ந்து வரும் இருபது பிரேம். அந்தப் பக்கம், அப்பா திரும்பிப் பார்க்கும் இருபது பிரேம். இரண்டிலும் ஓரத்துளைகள் நாசம்; துளை இல்லாத பிலிம் புரொஜெக்டரில் நகராது. சுருங்கிப்போன பிலிமுக்கு அதே வயசுப் பிலிமின் ஓரம்தான் பொருந்தும். என்னிடம் இருந்த துண்டு ஒரு பக்கத்துக்குத்தான் காணும்.

"ரெண்டையும் வெட்டிடுங்கம்மா, யாரு கவனிக்கப் போறாங்க?" என்றார் மேலாளர். எதற்கெடுத்தாலும் வெட்டச் சொல்வதால் அவருக்கு நாங்கள் வைத்த பேர் கத்தரி.

"உங்க மீசையில ஒரு பக்கத்த வெட்டிப் பாருங்க, யாரு கவனிக்கிறாங்கன்னு தெரியும்" என்றேன்.

நான் யோசிக்கவே இல்லை. விழுகிறதை வெட்டினேன், அப்பாவின் முகத்தைக் காப்பாற்றினேன். அந்த ஆள்தான் படம் முழுக்க விழுந்துகொண்டே இருக்கிறானே, ஒரு தடவை விழாவிட்டால் என்ன கெட்டுப்போகிறது?

ஒரு காலை, கூடத்துச் சின்ன அரங்கில் ஓட்டிப் பார்த்தோம். அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். நாற்பத்தைந்து வருடம் கழித்து அவரைப் பார்க்கப் போகிறாள்.

ராஜா ஓடினான். அடுத்த கணம் தரையில் கிடந்தான். பக்கத்தில் அப்பா நின்று எங்களைப் பார்த்தார். அரங்கமே வெடித்துச் சிரித்தது. "பூட்டுக்காரன் காலை வாரிட்டான்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு அவர் குனிந்து தூக்கியது அந்தச் சிரிப்பில் எடுபடவே இல்லை.

அம்மா என் கையை உதறினாள். "என்னடி பண்ணி வச்சிருக்க? விழுந்தவனத் தூக்கின மனுசன, தள்ளிவிட்டவனா ஆக்கிட்டியே!"

"முகம் நல்லாத் தெரியுதுல்லம்மா..."

"முகத்த வச்சு என்னடி பண்றது? அவரு செஞ்சத இல்லாமப் பண்ணிட்டியே."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நீயாவது மூன்று வருடம் அவரோடு குடித்தனம் நடத்தினாய், எனக்கு இருப்பதே இந்த ஒன்றேகால் விநாடிதான் என்று கத்த வாயெடுத்தேன். அவள் சொன்னது சரி என்பதுதான் கொடுமை.

வெட்டியதை நான் எறிகிற வழக்கம் இல்லை. விழும் துண்டு டப்பாவில் பத்திரமாக இருந்தது. மறுநாள் அப்பா பார்க்கும் துண்டின் ஓரத்திலிருந்து ஒட்டை ஒவ்வொன்றாக உரித்தேன். பாழாய்ப்போன கண்ணீர் வேறு மறைத்தது. உரித்ததை விழுகிறவனுக்கு ஒட்டினேன். அப்பா என்னைப் பார்த்த இருபது பிரேமையும் வெட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்களேன் என்று வாய்விட்டே சொன்னேன். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி ஓட்டினோம். ராஜா ஓடினான், வழுக்கினான், விழுந்தான். சாவி வளையம் ஆடப் பாய்ந்து வந்த மனிதர், நேரே குனிந்து தூக்கினார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. இந்தத் தடவை அந்த இடத்தில் யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அம்மாதான் சிரித்தாள். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியாடி உங்கப்பாவ? அவரு அப்படித்தான். ஒருத்தன் விழுந்துட்டா அவ்வளவுதான், வேற யாரையும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு."

"ஆமாம்மா" என்றேன். மற்றொரு கை பைக்குள் அந்தத் துண்டைத் தடவிக்கொண்டிருந்தது. "திரும்பியே பாக்கல."