பெருகாத புள்ளி

சீனியம்மாள் முழங்கால் சேற்றில் நின்று நூலைத் தேடிக்கொண்டிருந்தாள். நாலு நாளைக்கு முன் தன் சேலையிலிருந்து உருவி ஒரு நெற்பயிரில் கட்டிவிட்டுப் போன சிவப்பு நூல். மழையில் எல்லாப் பயிரும் ஒன்றுபோலச் சாய்ந்து கிடந்தன. "எங்க போய்த் தொலஞ்ச, சனியனே" என்று நூலைத் திட்டினாள். திட்டிய பிறகுதான் அது கண்ணில் பட்டது.

கட்டியது அவள், தினமும் அதே பயிரைப் பார்க்கக் கட்டச் சொன்னது வீட்டில் விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலில் கிடந்த அவள் புருஷன் காசிமாயன். அந்த வருஷம் கார்த்திகையில் பரவை ஊருக்கு மேற்கே நெல்லெல்லாம் கருகிக்கொண்டிருந்தது. இலையில் கண் மாதிரி ஒரு புள்ளி விழும், நடுவில் சாம்பல் பூக்கும், அப்புறம் இலையே தீய்ந்துபோகும். பூசணம் என்றார்கள். காசிமாயனின் தம்பி பேயாண்டிக்கு வயல் முழுக்கப் போயிற்று. வைக்கோலாவது தேறாதா என்று விட்டுவைத்திருந்தான். காசிமாயன் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் சர்க்கார் பண்ணையிலிருந்து புது விதை வாங்கி நட்டிருந்தான். அதிலும் புள்ளி விழுந்தது. பேயாண்டி வந்து குதியாய்க் குதித்தான்.

"உன் புது வெதையிலருந்துதாண்ணே எனக்கு வந்துச்சு. மடக்கி உழுதுரு. இல்லாட்டி ஊரே போயிரும்."

"பொறுடா. இந்தப் புள்ளி பெருசாகாது" என்றான் காசிமாயன், படுத்த படுக்கையிலேயே.

பண்ணையில் விதை கொடுத்து விவசாயம் சொல்லித்தரும் டெமான்ஸ்ட்ரேட்டர் சொன்னதை அவன் பெண்டாட்டிக்கு விளக்கியிருந்தான். "பூசணம் நொழஞ்ச எடத்த அந்தப் பயிரே சாகடிச்சுரும் புள்ள. ஒரு கூரை தீப்பிடிச்சா பக்கத்துக் கூரைய நாமளே பிரிச்சுப் போடுறோம்ல, அப்படி. சுத்தி உசுரு இருந்தாத்தான அது திங்கும்? திங்க ஒண்ணுமில்லாம அங்கனயே பட்டினி கெடந்து செத்துரும். அந்தச் செத்த எடந்தான் புள்ளி."

"அம்புட்டுத் தெரிஞ்ச மனுசன் உங்க காச்சலையும் அப்படி ஒரு மூலையில போட்டு அடைக்க வேண்டியதுதான?"

"அந்தச் சாமர்த்தியம் பயிருக்கு இருக்கு. எனக்கு எங்க இருக்கு" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

உள்ளதைச் சொன்னால் அவள் அதை நம்பவில்லை. பேயாண்டி சொல்வதுதான் அவளுக்கு நியாயமாகப் பட்டது. ஆனால் கஞ்சியைத் தள்ளிவிட்டு, "புள்ளி எம்புட்டு இருக்கு?" என்று மட்டும் கேட்கிற மனுஷனிடம் வேறு என்ன பேச முடியும்? தினமும் போய்ப் பார்த்து வந்து சொன்னாள்.

இன்றும் குனிந்து பார்த்தாள். நூல் கட்டிய பயிரில் அதே புள்ளிகள், கேப்பை அளவுதான். சுற்றிலும் பச்சை. புது இலையில் ஒன்றுமே இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் பேயாண்டி வயல் தீய்ந்து நின்றது. அட, அவர் சொன்னது நிஜந்தானா! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

வாசலில் பேயாண்டி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே காசிமாயனின் தாடையை யாரோ ஏற்கெனவே துணியால் கட்டியிருந்தார்கள்.

அவள் உடனே அழவில்லை. சேற்றுக் காலோடு போய் உட்கார்ந்து அவன் காதருகே குனிந்தாள். "பெருசாகலங்க. அம்புட்டேதான் இருக்கு. நீங்க சொன்னதுதான் சரி." மறுபடியும் அதையே சொன்னாள். "நான் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா, பாவி மனுசா!" என்று அவன் நெஞ்சில் விழுந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

பிள்ளை இல்லாத வீடு என்பதால் கொள்ளிச்சட்டி பேயாண்டி கைக்கு வந்தது. குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, மழை விட்ட நேரம் பார்த்துத் தூக்கினார்கள். பெண்கள் ஊர் எல்லை வரைதான் போகலாம். அங்கே பாடையை இறக்கித் திருப்பி வைத்தபோது, முன்பக்கம் தோள் கொடுத்த பங்காளி சங்கிலி சொன்னான்.

"வாய்க்காக் கரை வழுக்குதுண்ணே. பெரியண்ணன் வயலு ஊடா எறங்கிட்டா சுடுகாடு கூப்புடு தூரந்தான். எப்படியும் மடக்கி உழப்போற பயிருதான?"

பேயாண்டி மூக்கைச் சிந்திக்கொண்டே தலையாட்டினான். பிணம் போகிற வழியில் மிதிபட்ட பயிருக்கு அந்த ஊரில் யாரும் நியாயம் கேட்பதில்லை.

சீனியம்மாள் பெண்களின் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தாள்.

"மதினி! எங்க போறீங்க? பொம்பள இதத் தாண்டலாமா?"

அவள் நேரே போய்த் தன் வயல் வரப்பில் ஏறி நின்றாள்.

"எறங்குறதுன்னா என்னைய மிதிச்சுட்டு எறங்குங்க."

"கெட்ட பயிருக்காக இப்படி நிக்கலாமா மதினி?"

"கெட்டதுன்னு நீ சொல்ற, ஊரு சொல்லுது. அவரு சொல்லலயே! கஞ்சி கேக்கல, மருந்து கேக்கல, இது எம்புட்டு இருக்குன்னுதானப்பா கேட்டாரு. கண்ணு இருக்குல்ல, குனிஞ்சு பாரு. பெருத்திருந்தா நானே எறங்கி மிதிக்கிறேன்."

மறுபடி தூறல் போட்டது. பாடையைச் சுமந்தவர்கள் தோள் மாற்றினார்கள். பேயாண்டி கொள்ளிச்சட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு குனிந்தான். ஓர் இலையை விரலால் விரித்துப் பார்த்தான். தள்ளிப் போய் இன்னொன்றைப் பார்த்தான். அப்புறம் வரப்புக்கு அந்தப் பக்கம் தீய்ந்து நின்ற தன் வயலைத் திரும்பிப் பார்த்தான்.

"மழை வலுக்குதுண்ணே" என்றான் சங்கிலி.

"என் வயலு ஊடா போவோம்."

"அதுல வைக்கோலாவது தேறும்னியே?"

"தேறாது. எறங்குடா."

அவனே முதலில் தன் வயலில் கால் வைத்தான். கருகிய பயிர் சேற்றில் அமுங்க, பின்னால் பாடை இறங்கியது. அண்ணன் வயலின் பச்சைப் பயிர் வரப்புக்கு மேல் சாய்ந்து கிடந்தது. பேயாண்டி நின்று, அதை ஒரு கையால் உள்பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பாடை கடந்து போகிற வரைக்கும் விடாமல் இருந்தான்.