ஆறாவது இலை

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மகள் கூப்பிடுவாள். அதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சலூன்காரர் கடைக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுச் சன்னலோரம் வந்து நின்றார்.

அங்கே இரண்டு தொட்டிகள். ஒன்றில் ஆறு இலைகள், பட்டை பட்டையாக, பச்சைப்பசேலென்று நின்றன. அது காலையில்தான் செடிக்கடையிலிருந்து வந்தது. இன்னொன்றில் மொட்டைக் கிழங்கு மட்டும். அதை மொட்டையாக்கியது அவர் கைதான்.

மகள் அனுப்பிய அமரில்லிஸ் என்ற பூச்செடியின் கிழங்கு அது. அவளாகவே முடிவு செய்த கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அதன்பின் இரண்டு வருடம் பேச்சில்லை. பிறகு ஒரு நாள் தபாலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே முஷ்டி அளவு கிழங்கும், நடுவது எப்படி என்ற துண்டுச்சீட்டும். முளைத்த அன்று அவரே போன் செய்து, "முளைச்சிடுச்சு" என்றார். "அப்படியா" என்றாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அழைப்பு. பேச்சு முழுக்கக் கிழங்கைப் பற்றித்தான். அவள் வீடு, வேலை, மாப்பிள்ளை, எதையும் இருவரும் தொடுவதில்லை. கிழங்கு போய்விட்டால் இரண்டு மணி அழைப்பும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

நான்கு பூ பூத்தது. சவரத்துக்கு வந்தவர்கள் கன்னத்தில் நுரையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வாடியதும் மகள், "தண்டை அடியில வெட்டிடுங்கப்பா, மத்தது அடுத்த வாரம் சொல்றேன்" என்றாள். வெட்டினார். தண்டு போனதும் இலைகள் சாய்ந்து சீப்புத் தட்டின் மேல் தொங்கின. முப்பது வருடமாகத் தொங்குவதை வெட்டியே பழகிய கை. நாற்காலியிலிருந்த தபால்காரர் வேறு, "என்னை விட அதுக்குத்தான் அவசரம் போல" என்று கிண்டலடித்தார். கத்தரி நாலு தடவை பேசியது. சுற்றிலும் ஒரே அளவு. ஒட்டியிருந்த துணுக்குகளைத் தூரிகையால் தட்டியும் விட்டார்.

அடுத்த ஞாயிறு மகள் சொன்னாள்: "இனிமே இலைதான்பா எல்லாம். அது சாப்பாடு செஞ்சு கிழங்குல சேர்த்து வச்சாத்தான் மறுபடி பூக்கும். நல்ல வெளிச்சத்துல வைங்க, உரம் போடுங்க. எத்தனை இலை இருக்கு?"

அவர் வாய் அவரைக் கேட்காமலே "அஞ்சு" என்றது.

அடுத்த வாரம் அவர் பேச்சில் ஆறாவது இலையும் எட்டிப் பார்த்தது. அதற்கடுத்த வாரம் அது ஒரு சாண் வளர்ந்துவிட்டது. மனசு கேட்காமல் மொட்டைக் கிழங்குக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார். "செடி வளரலைன்னா என்ன, உங்க புளுகு நல்லா வளருதே" என்றாள் மனைவி.

இன்று காலையில் மகளிடமிருந்து செய்தி வந்தது: வீடியோவில் வருகிறேன், ஆறாவது இலையைக் காட்டுங்கள்.

சாப்பாட்டு டப்பாவோடு பின்வாசல் வழியே வந்த மனைவி இரண்டு தொட்டிகளையும் பார்த்தாள்.

"எதைக் காட்டப் போறீங்க?"

"நீ பேசாம இரு."

"நான் எங்க பேசினேன்? இந்தக் குடும்பத்துல பேசுறது அந்தக் கிழங்கு ஒண்ணுதான்."

அவர் மொட்டைக் கிழங்கைத் துண்டு அடுக்குக்குப் பின்னால் தள்ளினார். போன் அடித்தது.

மகளின் முகம். இத்தனை நாள் குரல் மட்டும்தான். கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது போட்டாளோ.

"கேமராவைத் திருப்புங்கப்பா."

திருப்பினார்.

"அம்மாடி, எவ்வளவு பெரிசு!" சிரித்தாள். அந்தச் சிரிப்பு கடையில் வாங்கிய செடிக்குப் போய்க்கொண்டிருந்தது. "உங்ககிட்ட சொல்லல. இதை அனுப்பலாமா வேணாமான்னு பெட்டியோட ஒரு மாசம் கட்டிலுக்கடியில வச்சிருந்தேன். இப்பப் பார்த்தா..." குரல் உடைந்தது.

தப்பித்தாயிற்று. இனி ஒரு 'சரிம்மா' போதும். அவர் கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பினார்.

"அது இது இல்லம்மா."

"எது?"

"இது காலையில வாங்கினது. நீ அனுப்பினதுல இலையெல்லாம் வெட்டிட்டேன். தண்டை வெட்டின வாரமே."

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தார். அவள் கண்ணிமை அசைந்தது.

"அப்ப அஞ்சு, ஆறுன்னது?"

"பொய்தான்."

"என் கல்யாணத்துக்கும் இதையேதானே செஞ்சீங்க. பொண்ணு மேல்படிப்புக்குப் போயிருக்கான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சீங்க. பயம் வந்தா உடனே ஒரு கதை."

பேச்சு இந்தப் பக்கம் திரும்பப் பார்த்தாலே, 'ஆள் வந்துட்டாங்க' என்று துண்டிப்பது அவர் வழக்கம். கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. மனைவி அந்த விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நிஜமாகவே யாரோ கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள்.

"ஆள் வந்துட்டாங்க போல. போங்க," என்றாள் மகள்.

"தட்டட்டும்."

இரண்டு முறை தட்டிவிட்டுக் காலடிச் சத்தம் போய்விட்டது.

"கிழங்கைக் கையில எடுங்க," என்றாள் மகள். "அழுத்திப் பாருங்க."

கெட்டியாக இருக்கிறது என்று சொல்ல இப்போதும் வழி இருந்தது.

"ஒரு பக்கம் கொழகொழன்னு இருக்கும்மா."

"தண்ணி ஊத்தினீங்களா?"

"தினமும்."

"இலையே இல்லாததுக்கு எதுக்குப்பா அவ்வளவு தண்ணி?"

"சும்மா இருக்க முடியல."

அவள் மூச்சு விடுவது கேட்டது. "பிளேடு இருக்கா?"

"இந்தக் கடையில அது ஒண்ணுதான் இருக்கு," என்றாள் மனைவி. யாரும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த போனை வாங்கி, கிழங்கு தெரியும்படி பிடித்துக்கொண்டாள்.

புது பிளேடை எடுத்தார். பழுப்புச் சதை கூழாக வந்தது. புளித்த நாற்றம். "வெள்ளை தெரியற வரைக்கும்," என்றாள் மகள். சீவினார். "இன்னும்." சீவினார். "இப்ப கவுத்துக் காட்டுங்க. அடியில தட்டையா இருக்கே, வேர் வர்ற இடம், அது அழுகியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது."

கவிழ்த்தார். ஓரத்தில் நகமளவு பழுப்பு. காது மடலுக்குப் பின்னால் சவரம் செய்வது போல மெல்ல, தாள் கனத்துக்கு இழைத்தார். பழுப்பு. மறுபடி. இன்னும் பழுப்பு. மூன்றாவது இழைப்பில் வெள்ளை தெரிந்தது.

"போதும், நிறுத்துங்க! இனிமே தொடாதீங்க. ஒரு வாரம் நிழல்ல காயட்டும். அப்புறம் காஞ்ச மண்ணுல பாதி மட்டும் புதைங்க. சொல்ற வரைக்கும் தண்ணி கிடையாது. கையைக் கழுவுங்க, அந்தச் சாறு அரிக்கும்."

"பொழைக்குமாம்மா?"

"தெரியாது."

திரை இருண்டது. அடுத்த ஞாயிறு கூப்பிடுவேன் என்று அவள் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கூப்பிடவும் இல்லை. இரண்டு ஐந்து. இரண்டு பத்து. காய்ந்த கிழங்கைக் காலையிலேயே நட்டுவிட்டு, நகக்கண்ணில் மண்ணோடு அவர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி தட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இரண்டு கால் ஆனபோது அவரே எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. நிற்கப் போகும் நேரத்தில் எடுத்தாள்.

"சொல்லுங்க."

"நட்டுட்டேன். இலை எதுவும் வரல."

"ம்."

"நிஜமா வரல."

"இன்னைக்கே எப்படி வரும்? வந்தா ஒரு மாசம் ஆகும்."

கிழங்கைப் பற்றிச் சொல்ல இருந்தது அவ்வளவுதான். அவளும் எதுவும் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் ஓர் ஆண்குரல் எதையோ எங்கே என்று கேட்டது.

"மாப்பிள்ளை..." என்றார். அந்தச் சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை. "சாப்பிட்டாரா?"

தட்டைத் திறக்கப் போன மனைவியின் கை அப்படியே நின்றது. அவர் காதோடு போனை இறுக்கினார்.

"இருங்க," என்றாள் மகள். "அவர்கிட்டயே கேளுங்க."

போன் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் சத்தம் கேட்டது. சலூன்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.