தண்ணிக்கு நாற்பது உச்சரிப்பு

பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் இயந்திரத்துக்கு உச்சரிப்பு அகராதி எழுதுவது அவள் பிழைப்பு. ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அத்தனை விதத்தையும் பதிய வேண்டும். அளவு மீறினால் இயந்திரம் குழம்பிப்போகும்.

அவள் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். கற்க வந்தவர்களை அதட்டியே அழவைத்தவன். நரம்பு நோய் முதலில் அவன் கைகால்களை முடக்கியது, பிறகு நாக்கைப் பிடித்தது. அவள் வேலைக்குப் போய்விட்டால் பகலில் அவன் தனி ஆள். அவன் குரல் கேட்டால் கீழ்வீட்டு அக்காவுக்கு மணியடிக்கும்படி கட்டிலருகே ஒரு கருவி வைத்தாள். அதற்காக அவனுக்கென்றே ஓர் அகராதி எழுதினாள்.

ஞாயிறுதோறும் பதிவு நடந்தது.

"சொல்லுங்க, தண்ணி."

"என்ன வாத்தியாரம்மா, லைசென்ஸ் குடுத்துடுவீங்களா?" என்று முதல் வாரம் குழறிக் குழறிக் கிண்டலடித்தான். போகப்போகக் கிண்டல் நின்றுவிட்டது. அவள் சொல்வாள், அவன் திருப்பிச் சொல்வான். தண்ணிக்கு மட்டும் நாற்பது உச்சரிப்பு சேர்ந்தது. சோதித்தபோது பத்துக்கு ஒன்பது சரியாக வந்தது. மகிழ்ச்சியில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை மாலை வீடு திரும்பியபோது அவன் நனைந்த விரிப்பிலேயே கிடந்தான். கண்ணோரம் உப்புப் படிந்திருந்தது. மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்றார் அக்கா.

அவனைத் துடைத்து, விரிப்பை மாற்றி, திருப்பிப் படுக்கவைத்துவிட்டுக் கருவியில் பதிவானதைக் கேட்டாள். அறுபத்தொரு தடவை கூப்பிட்டிருக்கிறான். எதுவும் அகராதியில் இருந்தது போல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நாக்கு நடந்திருக்கிறது. தனியே விட்டதும் அது கால்போன போக்கில் போய்விட்டது.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. அந்த அறுபத்தொன்றில் ஒன்றுகூட அவளுக்கே விளங்கவில்லை. இத்தனை மாதமாக அவன் பேச்சு புரிகிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தாள். கேள்வி கேட்டதெல்லாம் அவள், அவன் தலையாட்டினான், அவ்வளவுதான். அழுகைக்கு முன்னால் வெட்கம் வந்தது.

"இன்னொரு தடவை பதியலாங்க. இந்தத் தடவை நான் வாயே திறக்க மாட்டேன். உங்களுக்கு என்ன சொல்லணுமோ சொல்லுங்க."

அவன் சொன்னான். நீளமாக ஏதோ சொன்னான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி சொன்னான். மூன்றாம் தடவை அவன் கழுத்து நரம்பு புடைத்தது. அவளால் பொறுக்க முடியவில்லை.

"திரும்பிப் படுக்கணுமாங்க?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

இப்போதுதான் திருப்பிவிட்டிருந்தாள். அவன் கேட்டது அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். எழுந்து, இரண்டு கையாலும் அணைத்து, அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.