கைக்கு எட்டாத முதுகு

ஆட்களுக்கு முன்னால் சிவகுருநாதன் சட்டையைக் கழற்றுவதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஓர் அரிசிக் கடையில் அவனுக்கு மூட்டை தூக்கும் வேலை. பின்னேரம் மற்றவர்கள் பின்வளவுக் கிணற்றடியில் அள்ளி ஊற்றிக்கொண்டு கதைத்துச் சிரிப்பார்கள். அவன் வியர்வையும் தவிட்டுத் தூசியும் ஊறிய சட்டையோடு, கடைக்குப் பின்னாலிருந்த தன் அறைக்குள் போய்க் குந்திவிடுவான். பல நாள் குளிக்காமலே பாயில் சாய்ந்தும் விடுவான். தோளிலிருந்து இடுப்பு வரை அவனுக்குச் சிவந்த பருக்கள். சில சீழ் கட்டியவை, சில அவனே கிள்ளிப் புண்ணாக்கியவை.

ஊர் கிளிவெட்டி. அப்பா காய்ச்சலில் போனார். பிறகு சண்டையில் ஊர் கலைய, அம்மா அக்காவோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்விட்டாள்.

போன ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு எள்ளுத் தண்ணீர் இறைக்கவென்று அவன் விரதமிருந்து கடற்கரைக்குப் போனான். வழியில் ஆமிச் சோதனை. இளம் பெடியன்களைச் சட்டை கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார்கள். இயக்கத்துக்காகத் துவக்குத் தூக்கிச் சுமந்ததில் வார் உரசிய அடையாளமோ, காயத் தழும்போ என்று ஐயம் வந்தால் ஒருபக்கமாக இருத்தினார்கள். வரிசையில் நின்ற சிவகுருநாதன் தன் முதுகை நினைத்தான். திரும்பி நடந்துவிட்டான். அன்று அவன் அடுப்பு மூட்டவேயில்லை.

இந்த வருடமும் அப்பாவைத் தாகத்தோடு விட முடியாது என்று சித்திரை பிறந்ததுமே வைத்தியத்தைத் தொடங்கினான். வீட்டில் எந்தச் சொறிக்கும் தேங்காயெண்ணெய்தான். அதையே முதுகுக்கும் வழிய வழியப் பூசினான். பருக்கள் கூடின. பிறகு வேப்பிலையை அரைத்து, அகப்பைக் காம்பில் துணி சுற்றி, அதால் முதுகுக்கு எட்டிப் பார்த்தான்.

வாளி இரவல் கேட்டு வந்த பாயிஸ் வாசலில் நின்றுவிட்டான். கிண்ணியாக்காரன், அதே கடையில் அவனோடு மூட்டை தூக்குகிறவன்.

“என்ன மச்சான், சுவருக்கு வருத்தமா, மருந்து பூசுறாய்?”

சுவரெல்லாம் பச்சை. சிவகுருநாதன் அவசரமாகச் சட்டையைத் தேடினான்.

“விடு, விடு. நான் என்ன ஆமியா, முதுகைப் பாத்துப் பிடிச்சுக் குடுக்க? எனக்கும் இருந்தது. எங்கட வீட்டில மூத்தவ, ராத்தா ஸல்ஹாதான் மாத்தினா. எண்ணெய் பூசினியா?”

“ஓம்.”

“அதுதான். வேர்வையோட எண்ணெயும் சேந்தா அடைச்சுப்போடும். வேலை முடிஞ்ச கையோட குளி. வேப்பிலை அவிச்ச தண்ணியால கழுவு. பாய்ச் சீலையையும் தோய்.”

“எல்லாம் செய்யலாம். பூச ஏலாதே. கை எட்டாது.”

பாயிஸ் அகப்பையை வாங்கி மூலையில் வைத்தான். “எனக்கு ரெண்டு கை இருக்கு.”

அன்று முதல் பாயிஸ் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுதை அவன் முதுகில் மெல்லத் தடவுவான். “மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசுறாங்கள்” என்று மூட்டை தூக்கும் இன்னொருவனான தம்பிராசா கடைக்குள்ளிருந்து நக்கலடிப்பான். முதல் நாள் அந்தக் கை பட்டபோது சிவகுருநாதன் பாயின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். அம்மா போன பிறகு அவனை ஒருவரும் தொட்டதில்லை. ஆண்டவன் பெரிய வாசல்களை அடைத்த காலத்திலும் இப்படிச் சின்னதொரு யன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறான்.

“கிள்ளாதே எண்டு சொன்னனான். இது என்ன, ராத்திரி கிள்ளினதா?” என்று பாயிஸ் ஏசுவான். சிவகுருநாதன் கையைக் கட்டிக்கொண்டு படுக்கப் பழகினான். சீழ் வற்றியது. எரிவு குறைந்தது.

ஆடி பிறந்து சில நாளில் கிண்ணியாப் பக்கம் ஆமியின் சுற்றிவளைப்பு. ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவையான பாதை ஓடவில்லை. கடலைக் கடக்க வழியில்லாமல் பாயிஸ் வேலைக்கு வரவில்லை. சிவகுருநாதன் கிணற்றடியில் தனியே குளித்தான், வேப்பந்தண்ணீர் ஊற்றினான். ஆனால் முதுகு இப்போது எப்படியிருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் ஒரு தோள் நுனிதான் தெரிந்தது.

அமாவாசையன்று காலையில் அவன் சோதனை வரிசையில் நின்றான். முறை வந்ததும் சட்டையைக் கழற்றித் திரும்பினான். பின்னால் ஒரு சிப்பாய் நெருங்கி வந்து நின்றான். என்னத்தைப் பார்க்கிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு விரலொன்று அவன் தோளிலிருந்த காய்ப்பை அழுத்தியது.

“இது?”

“மூட்டை” என்று குனிந்து, தூக்கிக் காட்டினான்.

சிப்பாய் அவனுடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். சட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்து, போ என்று தலையசைத்தான்.

கடலில் முங்கியபோது உப்பு எங்கே எரியும் என்று காத்திருந்தான். எங்கும் எரியவில்லை. சுற்றிலும் தகப்பனை இழந்தவர்கள் அண்ணன் தம்பியாக, மாமன் மருமகனாகக் கூட்டமாய் நின்றார்கள். அவன் ஈர வேட்டியோடு தனியே போய் ஐயருக்கு முன்னால் இருந்தான். ஐயர் அவன் கையில் எள்ளை வைத்தார்.

“அப்பாவின்ர பேர்?”

இந்தப் பட்டினத்துக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் அதைக் கேட்டதில்லை. “அருளம்பலம்” என்றான். குரல் எழும்பவில்லை.

“சத்தமாச் சொல்லுங்கோ தம்பி. கடல் இரையுது.”

சிவகுருநாதன் நிமிர்ந்து இருந்து, திரும்பவும் சொன்னான்.